சிரட்டையில் ஒரு முட்டை

காலை ஆறேகால். முதலில் கண்ணில் பட்டது முட்டை.

அடுப்படிச் சுவரோரம் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அது இருந்தது. இலேசான மண்நிறம், ஒரு பக்கத்தில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அப்ப மா. இரவு முழுவதும் புளித்துச் சட்டியின் விளிம்பு வரை பொங்கியிருந்தது. அடுப்படி முழுவதும் கள்ளு வாசனை.

அம்மா பலகையில் குந்தியிருந்து அப்பம் சுடும் தாச்சிக்கு எண்ணெய்த் துணி போட்டுக்கொண்டிருந்தார். தட்டுகள் நான்கு. நான்கும் எனாமல் தட்டுகள். அப்பாவுடையதற்கு மட்டும் நீல விளிம்பு.

நானும் தம்பி சேவியரும் முதற்பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தோம். சேவி பூசைக்கு உதவி செய்கிறவன். அவன் சட்டையில் மெழுகுதிரிப் புகை மணந்தது. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். இந்த மாதிரிக் காலைகளில் முட்டையை விட்டுக் கண்ணை எடுக்காதவன், அன்று அதன் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளே அப்பா அலுமாரியைப் பூட்டும் சத்தம் கேட்டது.

இந்த முட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காலையில் நடந்தது விளங்காது.

மேலே நிற்கிறவனுக்கு

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. கப்பல் ஊதினால் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படம் அதிரும். காற்று மாறி வீசும் நாள்களில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் மேளம் எங்கள் செபமாலைக்கு நடுவே வந்து போகும்.

வருடத்துக்கு மூன்று தவணை. மூன்று முறை பள்ளிக்கூடத்திலிருந்து ரிப்போட் வரும். மூடிய உறையில் வரும். பிள்ளைகள் பிரிக்கக் கூடாது. அப்பா வேலை விட்டு வந்து, கால் முகம் கழுவி, இரண்டு உறைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். செபமாலைக்கு வெளியே வருவார். அந்த மாலை முழுவதும் அதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ முகத்திலும் எழுதியிருக்காது.

அவர் தீர்ப்பு காலையில்தான் தெரியும். அம்மா அப்பம் சுடுவார். எங்கள் இருவரில் எவன் தன் வகுப்பில் மேலே நிற்கிறானோ, அவன் தட்டில் முட்டை அப்பம் விழும். மற்றவனுக்கு வெறும் அப்பம். அதோடு விசாரணை முடிந்தது. எங்கள் வீட்டில் ரிப்போட்டுக்காக யாரும் அடி வாங்கியதில்லை.

முட்டை எப்போதும் சேவிக்குத்தான் போனது. அவன் தன் வகுப்பில் முதலாம் பிள்ளை. நான் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் எங்காவது நிற்பேன். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு கீழே.

எனக்கு அதில் மனக்குறை இருந்ததாக நினைவில்லை. அதற்குக் காரணம் சேவிதான். அப்பா தேங்காய்ச் சம்பலுக்குக் கை நீட்டும் நேரம் பார்த்து, மஞ்சள் கருவில் பாதியை அப்பத் துண்டால் வழித்து என் அப்பத்துக்குக் கீழே தள்ளிவிடுவான். அம்மா அதைக் கண்டும் காணாதவர் போல் தாச்சியைச் சுற்றுவார்.

காசிம் நானாவின் ஏவாரம்

முட்டை வாங்குவது என் வேலை. ஒழுங்கை முடக்கில் காசிம் நானாவின் கடை; முஸ்லிம் பெரியவர்களை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், பெரிய குரல். வெற்றிலை போட்ட வாயோடு தெரு முழுவதும் கேட்கப் பேசுவார்.

“என்ன மவன், ரிப்போட்டு வந்திச்சா?”

“ஓம் நானா. ஒரு முட்டை.”

“ஒண்டா? எப்பவும் ஒண்டுதானா? ஒங்க வாப்பா ஒரு நாளைக்காவது ரெண்டு வாங்கினா எனக்கும் ஏவாரம் நடக்குமே.”

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். காசிம் நானா முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, சரியென்று கண்டபின் கடதாசியில் சுற்றித் தருவார்.

“சின்னவருக்குத்தானே? அவர் பெரிய டொக்டரா வந்தா எனக்கு ஊசி போடச் சல்லி கேக்கப்படாது எண்டு சொல்லு.”

இப்படியாக எங்கள் வீட்டு ரிப்போட் அப்பா வாய் திறக்கும் முன்பே ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும். அப்பாவும் வாய் திறக்காமல் இருந்தவர் அல்ல. வீட்டுக்குள்தான் மௌனம். வெளியே, துறைமுகத்தில், கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில், சவரக் கடையில் அவர் சேவியைப் பற்றிக் கதைக்காத நாள் இல்லை.

அப்பாவின் ஆங்கிலம்

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் எழுதுநர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் அடையாளங்களைப் பார்த்துப் பதிவது வேலை. பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருந்தவர் அல்ல. அவருடைய தகப்பனார் படகிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது, அப்பாவைப் பள்ளியால் நிற்பாட்டி வேலைக்கு அனுப்பினார்கள்.

அவருடைய ஆங்கிலம் பெட்டிகளில் படித்த ஆங்கிலம். கவனமாகத் தூக்கு, இந்தப் பக்கம் மேலே, ஈரம் படாமல் வை என்ற வாசகங்களை வெள்ளைக்காரன் போலவே சொல்வார். அதற்கு வெளியே போனால் தடுமாறுவார். கடிதம் வந்தால் சேவியிடம் கொடுத்து, “எனக்குக் கண்ணாடி வைச்ச இடம் தெரியேல்ல, நீ வாசி” என்பார். அவரிடம் கண்ணாடி இருந்ததில்லை.

முட்டையும் அவருடைய சிறுவயதிலிருந்து வந்ததுதான். அவர்கள் வீட்டில் முட்டை வருத்தக்காரருக்கு, நோயாய்ப் படுத்தவருக்கு, மட்டும். இடுப்பு முறிந்த தகப்பன் சாப்பிடுவதை ஏழு பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்களாம். “முட்டை சாப்பிட வேணுமெண்டால் காய்ச்சல் வரவேணும் எண்டு நினைச்சனான்” என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

றெக்டர் சுவாமியின் அறை

சேவி நாலாம் வகுப்பில் மூன்று தவணையும் முதலாம் பிள்ளை. அவனுக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் நடுவே ஒரு தெருவே போகும் என்று வகுப்பு மாஸ்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் அதோடு மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் ‘டபிள் புரமோஷன்’ என்று ஒன்று இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்புத் தாண்டி அடுத்ததில் இருத்துவார்கள். நாலாம் வகுப்பிலிருந்து நேரே ஆறாம் வகுப்பு. எங்கள் கோயிற்பற்றில் அதுவரை எந்தப் பிள்ளைக்கும் அது கிடைத்ததில்லை.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முன்பு ஒரு நாள் அப்பா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்தின் தலைவரான றெக்டரிடம் கூட்டிப்போனார். றெக்டர் சுவாமி வெளிநாட்டுக் குருவானவர். நெஞ்சு வரை தாடி. மேசையில் எப்போதும் ஒரு மூக்குத்தூள் டப்பா. அப்பா கேட்டதை முழுவதும் கேட்டார்.

பையன் கெட்டிக்காரன்தான் என்றார். ஆனால் ஐந்தாம் வகுப்பில்தான் லத்தீன் தொடங்குகிறது. அதைத் தாண்டிப் போனால் ஆறாம் வகுப்பில் தடுமாறுவான் என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் எதிர்பார்த்துவந்த தடை அதுவல்ல. அதற்கு அவரிடம் விடை இருந்தது.

“லத்தீன் இவனுக்குத் தெரியும், சுவாமி.”

“எப்படி?”

“பூசைக்குப் பதில் சொல்லுறவன். ஒரு சொல் பிழைக்காது.”

இதைப் படிக்கும் இளைய கத்தோலிக்க வாசகர்களுக்குக் கூட இது வேடிக்கையாக இருக்கலாம். பூசை அப்போது முழுவதும் லத்தீனில். குருவானவர் சொல்லச் சொல்ல, பீடத்தடியில் முழந்தாளிட்ட பையன் பதில் சொல்ல வேண்டும். பொருள் எவருக்கும் தெரியாது. காது வழியாக வந்து வாய் வழியாகப் போகும். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசை வாங்கில் நின்று தன் மகன் லத்தீனில் பேசுவதைக் கேட்டவர். அது தெரிந்த மொழி அல்ல என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

றெக்டர் சுவாமி மெல்லிய சிரிப்போடு பூசையின் தொடக்க வசனத்தைச் சொன்னார். சேவி கைகளைக் குவித்தான். அந்த அறையிலேயே முழந்தாளிட்டான். பதில் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, நீண்ட பாவசங்கீர்த்தன செபம் முழுவதும். பத்து வயதுக் குரல். ஒரு இடத்திலும் தட்டுப்படவில்லை. கடல் கடந்து வந்த அந்தக் கிழவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்து, “சரி, ஜனவரியில் பார்ப்போம்” என்றார்.

வெளியே வந்ததும் அப்பா சேவியைத் தூக்கினார். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குவது இலேசல்ல. கோட்டின் தையல் விட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

நத்தார் முழுவதும் அதுதான் கதை. அப்பா கோயிலில் நன்றிப்பூசை ஒப்புக்கொடுத்தார். பிரசங்கத்தின் முடிவில் பங்குக் குரு சேவியின் பெயரைச் சொன்னார். அம்மா செய்த கேக் துண்டுகள் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே அந்தச் செய்தியும் போனது. காசிம் நானா கடை வாசலில் நின்று கத்தினார்: “டபிள் போனவர் வாறார், வழி விடுங்கப்பா!”

சேவி வெட்கத்தோடு என் பின்னால் ஒளிந்தான்.

ஒரு வாங்கு, ஒரு புத்தகம்

ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் புத்தகங்கள் என்னிடமிருந்து சேவிக்குப் போகும். ஜனவரி வந்தால் நான் என் பெயரை ஒரு கோட்டால் வெட்டுவேன். கீழே அவன் பெயர் எழுதுவான். இந்த முறை நான் ஐந்திலிருந்து ஆறாம் வகுப்பு. அவன் நாலிலிருந்து ஆறாம் வகுப்பு. அண்ணனும் தம்பியும் ஒரே வகுப்பு. ஆறாம் வகுப்புப் புத்தகம் ஒரு கட்டுத்தான்.

“அதுக்கென்ன, ரெண்டு பேரும் பக்கத்தில இருங்கோ. ஒரு புத்தகத்துக்கு நாலு கண் போதாதே?” என்றார் அப்பா.

எனவே ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். புத்தகம் எங்கள் நடுவில். சேவியின் கால்கள் நிலத்தைத் தொடவில்லை. வகுப்பில் பலர் என்னைவிடப் பெரியவர்கள். சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. சிங்களப் பையன்கள் அவனை ‘மல்லி’, அதாவது தம்பி, என்று அழைத்தார்கள். அதில் பரிவும் இருந்தது.

இரண்டாம் வாரம் லத்தீன் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு சிறிய வாக்கியம் எழுதினார். சேவியை வாசிக்கச் சொன்னார். சேவி எழுந்து வாசித்தான். வகுப்பில் எவனுக்கும் வராத சுத்தமான உச்சரிப்பு. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

“நன்று. பொருள் சொல்.”

சேவி நின்றான்.

“எளிய வாக்கியம்தான். போன வருடம் படித்தது. என்ன சொல்கிறது?”

சேவியின் காது சிவந்ததைப் பார்த்தேன். விரல் வாங்கின் விளிம்பைச் சுரண்டியது. மாஸ்டர் காத்திருந்தார். பிறகு சேவி கைகளைக் குவித்து, தனக்குத் தெரிந்த லத்தீனைச் சொல்லத் தொடங்கினான். பூசைப் பதிலை.

வகுப்பு வெடித்தது. பின் வாங்கில் ஒருவன், “ஆமென்!” என்று இழுத்துப் பாடினான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “உட்கார்” என்றார்.

அன்றிலிருந்து ‘மல்லி’ போய் ‘ஆமென்’ வந்தது. “ஆமென், பந்தை எடுத்துத் தா.” “ஆமென், மழை வருமோ?” லத்தீனோடு நிற்கவும் இல்லை. பின்னக் கணக்கும் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கியது. புத்தகத்தில் என் விரல் ஒரு வரியில் இருக்கும்போது அவன் விரல் மூன்று வரி மேலே நிற்கும். பிறகு அவன் விரல் வைப்பதையே விட்டுவிட்டான்.

ஐந்தாம் வகுப்பு லத்தீன் புத்தகம்

வீட்டில் என் பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் சுவர்த் தட்டில் இருந்தன. அந்த வருடம் அவை யாருக்கும் போகவில்லை. ஒரு மாலை நான் லத்தீன் புத்தகத்தை எடுத்து சேவியோடு முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு மூன்று மாலைகள் நடந்தது. அவன் மண்டை கெட்டிக்கார மண்டை. மூன்றாம் நாளே என்னை மறித்துக் கேள்வி கேட்டான்.

அப்பா விளக்கடியில் வந்து நின்றார்.

“இதென்ன புத்தகம்?”

“ஐஞ்சாம் வகுப்புப் புத்தகம், அப்பா.”

“ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐஞ்சாம் வகுப்புப் புத்தகம் ஏன்?”

“அவனுக்கு இதில கொஞ்சம்...”

“அவன் அதைத் தாண்டிட்டான்.” குரலில் கோபம் இல்லை. எனக்கு ஏதோ விளங்காததை விளக்குவது போல் சொன்னார். “கீழ் வகுப்புப் புத்தகத்தைக் கையில வைச்சிருக்கிறதை ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்?”

அடுத்த நாள் அந்தப் புத்தகக் கட்டை அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். தானமாக, சந்தோஷமாகக் கொடுத்தார்.

அதோடு விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, கோயிலில் பீட வேலைகள் பார்க்கும் சங்கிலித்தாமிடம் இரவல் வாங்கி ஒரு பெரிய செபப் புத்தகத்தோடு வந்தார். ஒரு பக்கம் லத்தீன், மறு பக்கம் தமிழ். சேவியைப் பக்கத்தில் இருத்தி, “இதைப் பார், எல்லாம் இருக்கு” என்றார். தானும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு தலைகளும் விளக்கைச் சுற்றிக் குனிந்திருந்தன. சேவிக்கு அந்தச் செபங்கள் எல்லாம் மனப்பாடம். அவனுக்குத் தேவையான இலக்கணம் அதில் இருக்கவில்லை. ஆனாலும் அவன் ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. “ஓம் அப்பா, விளங்குது” என்றான்.

நடந்து வந்த வழி

தவணை முடிவில் வகுப்பில் நிலைகளை வாசிப்பார்கள். அந்த முறை முதலில் என் பெயர் வந்தது. ஒரு புத்தகத்தை இருவருக்காகப் படித்ததால் இருக்கலாம், தெரியாது. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை வாசித்து முடியும் தறுவாயில் சேவியின் பெயர் வந்தது. அதற்குப் பின் ஒரே ஒரு பெயர். அவன் டைபாய்டில் படுத்து, பரீட்சைக்கே வராதவன்.

சேவி என்னைப் பார்த்து, “அண்ணா, நீ முதலாம் பிள்ளை” என்றான். அவன் சந்தோஷப்பட்டான். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அன்று மத்தியானம் றெக்டர் சுவாமி ஆளனுப்பி அப்பாவை வரவழைத்தார். துறைமுகத் தூசியோடு வந்தார். அறைக் கதவு திறந்தே இருந்தது. நாங்கள் இருவரும் விறாந்தையில் நின்றோம்.

றெக்டர் சுருக்கமாகப் பேசினார். தவறு தன்னுடையது என்றார். விடுமுறை முடிந்ததும் பையனை ஐந்தாம் வகுப்பில் இருத்தலாம். வயது பத்துத்தான், எதுவும் கெட்டுப்போகவில்லை, இந்த வருடத்துக்குள் பழையபடி முதலாம் பிள்ளையாகிவிடுவான் என்றார்.

அழைக்காமலேயே சேவி உள்ளே போனான்.

“அப்பா, நான் போறன். எனக்கு அந்த வகுப்பு நல்லா இருக்கும்.”

அப்பா தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். றெக்டரைப் பார்த்து, “நன்றி, சுவாமி. அவன் ஏறி வருவான்” என்றார். வணங்கினார். வெளியே வந்தார்.

வீடு வரை நடந்தோம். ட்ராம் பாதையைக் கடக்கும் இடத்தில் வண்டி போகக் காத்து நின்றபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“இறங்கிறதோ? கோயில் முழுக்கச் சொல்லியிருக்கிறன். துறைமுகம் முழுக்கச் சொல்லியிருக்கிறன். பங்குச் சுவாமி பீடத்தில நிண்டு பேர் சொன்னவர். இனி ஒவ்வொருத்தனா நிப்பாட்டிச் சொல்லுறதோ, என்ர பிள்ளையை இறக்கிப்போட்டாங்கள் எண்டு?”

சேவி அப்பாவின் கையைப் பிடித்தான்.

“நீங்க சொல்ல வேண்டாம், அப்பா. நான் சொல்லுறன். எல்லாருக்கும் நானே போய்ச் சொல்லுறன்.”

ட்ராம் கடந்தது. அப்பா நடக்கத் தொடங்கினார். சேவியின் கையை விடவில்லை.

மாலையில் என்னை முட்டை வாங்க அனுப்பினார்.

“ஒண்டா, ரெண்டா?” என்றார் காசிம் நானா.

“ஒண்டு.”

“டபிள் போனவருக்குத்தானே?”

நான் கடதாசிச் சுருளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலை

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு முந்தி வந்து, தவசு காலத்து நோன்பு முடிந்திருந்தது. இன்னும் தவசு காலமாக இருந்திருந்தால் அம்மா முட்டையைத் தொட்டிருக்க மாட்டார். எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

அலுமாரியைப் பூட்டிவிட்டு அப்பா வந்து நீல விளிம்புத் தட்டின் முன்னால் இருந்தார். அம்மா முதல் அப்பத்தை அவருக்கு வைத்தார். அடுத்து எனக்கு. பிறகு மா ஊற்றித் தாச்சியைச் சுற்றிவிட்டு, முட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது; முகம் வாசிக்கத் தெரியும்.

“இஞ்சாருங்கோ, ஆருக்கு?”

அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“ஆருக்கோ? சின்னவனுக்குத்தான்.”

முட்டை உடைந்தது. மூடி விழுந்தது. மூடிக்குள் வெள்ளைக் கரு வெந்தது. அம்மா அப்பத்தைக் கிளப்பிச் சேவியின் தட்டில் வைத்தார். ஓரம் பொன்னிறம், நடுவில் மஞ்சள் கரு உடையாமல் நின்றது.

“இது அண்ணாட” என்றான் சேவி. “அண்ணாதான் முதலாம் பிள்ளை.”

“சாப்பிடு.”

“நான் கடைசி, அப்பா.”

“சாப்பிடு, ராசா.”

சேவி அப்பத்தைப் பிய்த்தான். பழக்கத்தில் மஞ்சள் கருவில் பாதியை வழித்து என் பக்கம் நீட்டினான். இந்த முறை அப்பா சம்பலுக்குக் கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

“பங்கு வைக்காத. முழுக்க நீ சாப்பிடு.”

சேவி கையை இழுத்துக்கொண்டான். சாப்பிட்டான். தலையை நிமிர்த்தவில்லை. வழிந்த கருவைக் கடைசித் துண்டால் துடைத்து அதையும் வாயில் போட்டான். அவன் முடிக்கும் வரை அப்பா தன் அப்பத்தைத் தொடவில்லை. அது தட்டில் காய்ந்து சுருண்டது.

மத்தியானம் அம்மா கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீ முதலாம் பிள்ளையோ?”

“ஓம், அம்மா.”

சாம்பலால் தட்டைத் தேய்த்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்: “நான் கடைக்குப் போயிருந்தா ரெண்டு வாங்கியிருப்பன்.”

பிறகு

சேவி ஏறி வரவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் தவறினான். மேலே ஒரு வகுப்பில் இன்னொரு முறை தவறினான். அவன் நாலாம் வகுப்புத் தோழர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். லத்தீன் மாஸ்டர் மாறிப் போனபோதும் ‘ஆமென்’ என்ற பெயர் போகவில்லை. ஒரு நாள் பூசைக்கு உதவுவதையும் விட்டுவிட்டான். பதினைந்து வயதில் அப்பா பிடித்துவிட்ட வேலைக்குத் துறைமுகத்துக்குப் போனான். நான் படிப்பை முடித்துப் பத்திரிகைக்குப் போனேன்.

அந்தக் காலைக்குப் பிறகு முட்டை வாங்க என்னை யாரும் அனுப்பவில்லை. ரிப்போட் வரும், அப்பா வாங்கி அலுமாரியில் வைப்பார், காலையில் எல்லோருக்கும் வெறும் அப்பம்.

வெளியே அப்பா கடைசி வரை மாற்றிச் சொல்லவில்லை. துறைமுகத்தில் மகனைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, “டபிள் புரமோஷன் எடுத்தவன்” என்பார். பக்கத்தில் சேவி மூட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அப்பாவின் நல்லடக்கத்துக்குக் காசிம் நானா வந்தார். கிழவராகியிருந்தார், குரல் மட்டும் குறையவில்லை. சேவியின் தோளைப் பிடித்து, “டபிள் போனவர்ட வாப்பா போயிட்டாரே” என்று அழுதார். அவர் உள்ளன்போடுதான் சொன்னார். சேவி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினான்.

வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போவதற்குச் சில மாதங்கள் இருந்தன. சேவி அப்போது வெள்ளவத்தையில், பாமன்கடைப் பக்கம், வாய்க்கால் ஓரமாக ஒரு வீட்டில் குடியிருந்தான். மனைவி, மூன்று பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்து நான் போயிருந்தேன்.

பிள்ளைகளின் ரிப்போட் முந்தின நாள்தான் வந்திருந்தது. மூத்தவள் அதை எனக்குக் காட்ட ஓடிவந்தாள். சேவி, “பிறகு காட்டலாம், முதல்ல சாப்பிடு” என்றான். யார் எத்தனையாம் பிள்ளை என்று அவன் கேட்டதை நான் அன்று முழுவதும் கேட்கவில்லை.

அவன் மனைவி அப்பம் சுட்டாள். பக்கத்தில் கூடை நிறைய முட்டை. முதல் முட்டை அப்பம் மூத்தவளுக்கு, அடுத்தது நடுவிலானுக்கு, அடுத்தது கடைக்குட்டிக்கு.

“அத்தான், உங்களுக்கு ஒண்டு போதுமோ?” என்று என்னைக் கேட்டாள்.

“அண்ணாவுக்கு ரெண்டு போடு” என்றான் சேவி. “அவர் முதலாம் பிள்ளை.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு வந்தது. பிறகு அவன் மனைவி தனக்கு ஒன்று சுட்டாள்.

சேவியின் தட்டில் இருந்தது வெறும் அப்பம்.